செக்ரோலில் இல்லாத பிள்ளை: நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் கைக்குழந்தைப் பராமரிப்பு

நீலகிரியில் கொழுந்து பறிக்கும் தாயின் கைக்குழந்தைக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, குழந்தையின் பெயரில் எழுதப்பட்டதன்று. தாயின் பெயர் தோட்டத்தின் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் இருக்கும்வரை காப்பகம் உண்டு, மருத்துவமனை உண்டு, குடியிருக்கத் தோட்டத்தின் லைன் வீடு உண்டு. பெயர் விழுந்தால் எல்லாம் விழும். மலை மாவட்டத்தில் பச்சிளம் பிள்ளைகளுக்கான உதவிகள் தடுமாறுவதற்குப் பணப் பற்றாக்குறையைவிட இந்த அமைப்பே பெரிய காரணம் என்பது என் வாதம்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1981இல் வந்த திருத்தம், பெண் தொழிலாளரின் பிள்ளைகள் 20 பேர் இருந்தாலே போதும் என்று சேர்த்தது. ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்யும் பெண்களையும் கணக்கில் கொண்டது. நல்ல திருத்தம். ஆனால் 5 ஹெக்டேருக்குக் குறைந்த நிலமும், 15 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் தோட்டமும் சட்டத்துக்கு வெளியே நின்றன. கோத்தகிரி, குந்தா, குன்னூர்ச் சரிவுகளில் சிறு விவசாயிகளின் தேயிலை பெரும்பாலும் இந்த வரம்புக்குக் கீழேதான். அங்கே தினக்கூலிக்குப் பசுந்தேயிலை பறிப்பவளின் பிள்ளையைச் சட்டம் பார்த்ததே இல்லை. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் தொழில்பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பும் காப்பகத்தைத் தோட்டத்தின் ஆள் கணக்கோடுதான் பிணைக்கிறது.

தாயைக் கணக்கிடும் இந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நீலகிரியிலேயே ஒரு சான்று உண்டு. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட உபாசி என்னும் தென்னிந்தியத் தோட்ட அதிபர் சங்கம், 1971இல் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ‘குழந்தை பெறாமைக்கு ஊக்கத்தொகை’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பொருளாதார அறிஞர் ரொனால்ட் ரிட்கரின் யோசனை அது. கருவுறாத ஒவ்வொரு மாதத்துக்கும் பெண் தொழிலாளியின் கணக்கில் 5 ரூபாய் சேரும். பிள்ளைப்பேற்று வயது கடந்த பிறகே அதை எடுக்க முடியும். மூன்றாவது பிள்ளையிலிருந்து, சேர்ந்த பணம் பறிபோகத் தொடங்கும். இதன் பின்னணியில் இருந்த கணக்கு வெளிப்படையானது: பேறுகாலப் பணம், காப்பகம், மருத்துவம் எல்லாம் தோட்டத்தின் செலவு, ஒரு பிறப்பு குறைந்தால் அவ்வளவும் மிச்சம். பிறக்கும் குழந்தை செலவுப் பத்தியில் ஓர் எண்ணாகவே நின்றது. உபாசி நடத்திய விரிவான தொழிலாளர் நலத் திட்டம் இன்னொரு வழியையும் காட்டியது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். லைன்களில் குடியிருக்கும் பெண்களிலிருந்தே ஒருத்தியைத் தேர்ந்து, அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் உடல்நலத்தை அவள் பொறுப்பில் விட்டார்கள். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் முதலில் தெரிவது அவளுக்குத்தான். ஊக்கத்தொகையைக் காட்டிலும் இந்த இணைப்புத் தொழிலாளி முறையே நினைவில் வைக்கத்தக்கது.

இன்றைய சிக்கல் நுணுக்கமானது. பேறுகால நலச் சட்டத்தின் 2017 திருத்தம் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆவதற்குள் தாய் கொழுந்துக் காட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். அங்கன்வாடியோ இரண்டு வயதுக்குப் பிறகுதான் பிள்ளையைப் பகலில் வைத்துக்கொள்ளும். அதுவரை கிடைப்பது வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவு. மாவைக் கரைத்து ஊட்ட யார் இருக்கிறார்கள்? இணை உணவு தொடங்கி, ஒரு நாளில் பல முறை ஊட்ட வேண்டிய இந்த ஒன்றரை ஆண்டில்தான் எடை சரியத் தொடங்கும். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்டத் தாய்க்கு இரண்டு இடைவேளை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் குறித்த எடைக்கு மேல் பறிக்கும் கொழுந்துக்குக் கூடுதல் காசு என்ற முறையில், சரிவிறங்கிப் போய்வரும் ஒவ்வொரு முறையும் அவளுடைய கூலி குறைகிறது.

தோட்டத்தின் ஆள் கணக்கும் இப்போது கலைந்துவருகிறது. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கையால் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்காகவே 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம், பின்னர் அரசுத் தேயிலை நிறுவனமான டான்டீயாக வளர்ந்து, இப்போது நிலத்தை வனத்துறையிடம் திருப்பிக் கொடுத்துச் சுருங்கிவருகிறது. மூத்தவர்கள் ஓய்வு பெற, இளையவர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் போகிறார்கள், பிள்ளை பாட்டியிடம். காலியான இடத்துக்கு ஜார்க்கண்டிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. இவர்களில் எந்தப் பிள்ளை எந்தச் செக்ரோலில் சேரும்?

கூடலூரில் இந்தக் கேள்விக்கு வேறொரு விடை நாற்பது ஆண்டாகக் கண்முன் இருக்கிறது. 1980களில் அக்கார்டு அமைப்பும் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமும், 1990இல் பழங்குடிகளுக்கான மருத்துவ அமைப்பான அஸ்வினியும் உருவாயின. பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் ஊர்களிலிருந்தே நலப்பணியாளர்களைப் பயிற்றினார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்க் கர்ப்பிணியைப் பார்த்தார்கள், பிள்ளையை எடை போட்டார்கள். பின்னால் வந்த கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை அந்த நடைக்குத் துணை நின்றது. இந்தியாவில் அரிவாள் செல் இரத்தக் கோளாறு முதன்முதலாக 1952இல் அறியப்பட்டது நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். ஆய்வாளர்கள் இரத்தத்தை எடுத்துப் போனார்கள். அந்த நோயோடு பிறக்கும் பிள்ளைக்குத் தொடர் சிகிச்சை கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்தை முடித்துவைத்தவர்கள், ஊருக்குள் நடந்து போனவர்களே. இங்கே தாய்க்கு முதலாளி யார் என்று யாரும் கேட்கவில்லை.

அரசிடம் கருவிகள் இல்லாமல் இல்லை. எடை குன்றிய பிள்ளைகளைத் தேடிக் கண்டறியும் ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டமே 2022 மே மாதம் நீலகிரியில்தான் தொடங்கியது. அங்கன்வாடியோடு காப்பகத்தை இணைக்கும் மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம், ஆறு மாதப் பிள்ளையையும் ஏற்கிறது. பக்கத்துக் கர்நாடகம், அரசின் ஊரக வேலைத் திட்டத்துக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்காகக் கிராமப் பஞ்சாயத்துகளில் ‘கூசின மனெ’ என்னும் காப்பகங்களை நடத்துகிறது. நீலகிரிக்கு வேண்டியது, தோட்டம் பெரிதா சிறிதா, தாய் நிரந்தரமா ஒப்பந்தமா, ஊர் எது என்று பாராமல், கொழுந்து நிறுக்கும் நேரம்வரை திறந்திருக்கும் அங்கன்வாடிக் காப்பகம். செலவில் தோட்ட நிறுவனங்கள் தம் பங்கைக் கட்டட்டும். சிறு விவசாயிகளின் பங்கைப் பசுந்தேயிலை வாங்கும் தொழிற்சாலைகள்வழி ஒரு சிறு தீர்வையாகத் திரட்டலாம். புதிய தொகுப்பின்கீழ் மாநில விதிகள் நடைமுறைப்படும் இந்தக் கட்டத்திலேயே, காப்பகத்துக்கான கணக்கைப் பிள்ளைகளின் எண்ணிக்கையிலிருந்து தொடங்குமாறு தமிழக அரசு செய்ய வேண்டும்.