மதிப்பெண் தருபவர் யார்? – மென்பொருள் கல்வி கடந்து வந்த பாதை



இரண்டு ஆண்டுகளுக்கு முன், தீபாவளி விடுமுறையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் திரிங்காப்பில் உள்ள எங்கள் வீட்டிற்கு வந்தார். தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகன். தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகத்தில் காலடி வைத்தவர். மென்பொருள் பொறியியல் பயில்கிறார். முறுக்கும் தேநீரும் முடிந்த பின் மடிக்கணினியைத் திறந்து, தம் குழுவினர் உருவாக்கிய மென்பொருளைக் காட்டினார். நூலகத்தில் நூல் இரவல் பெறுவோரைப் பதிவு செய்யும் மென்பொருள் அது. “இதற்கு ‘ஏ’ கிடைத்தது டீச்சர்” என்றார் பெருமையுடன்.

“எந்த நூலகத்தில் இதைப் பயன்படுத்துகிறார்கள் தம்பி?” என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். “எந்த நூலகத்திலும் இல்லை டீச்சர். விரிவுரையாளர் பார்த்தார், புள்ளி போட்டார். அதோடு முடிந்தது.”

அந்தப் பதில் என்னை நெடுநாள் உறுத்திக்கொண்டே இருந்தது. நாற்பது மாதக் கல்வியும் கல்விக் கடனும் பெற்றோரின் வியர்வையும் சேர்ந்து ஒரே ஒருவர் மட்டும் பார்க்கும் பொருளைத்தான் உருவாக்குமா? மென்பொருள் கல்வியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததில் நமக்குப் பயன்படக்கூடியதை இங்கே எழுதுகிறேன்.

பெயர் பிறந்த கதை

‘மென்பொருள் பொறியியல்’ என்ற பெயரைப் பரவலாக்கியது ஒரு மாநாடு. 1968 அக்டோபரில், மேற்கு ஜெர்மனியின் கார்மிஷ் என்ற மலையூரில், நேட்டோ அமைப்பின் அறிவியல் குழு அதனைக் கூட்டியது. ஏறத்தாழ 50 வல்லுநர்கள் கூடினர். பெரிய மென்பொருள் திட்டங்கள் காலம் தவறின, செலவு மீறின, முடிந்த பின்னும் பிழைகள் மலிந்திருந்தன. பாலம் கட்டுபவருக்கு இருக்கும் ஒழுங்கு நிரல் எழுதுபவருக்கும் வேண்டும் என்ற எண்ணத்திலேயே ‘பொறியியல்’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள்.

அடுத்து வந்த ஆண்டுகளில் பல்கலைக்கழகங்கள் இதனைப் பாடமாக்கின. தேவையை எழுது, வடிவமை, நிரல் எழுது, சோதி, பராமரி என்று படிப்படியாக இறங்கும் ‘அருவி முறை’ பாடநூல்களில் இடம்பிடித்தது. இம்முறைக்கு மூலமாகக் காட்டப்படும் கட்டுரையை வின்ஸ்டன் ராய்ஸ் என்பவர் 1970-இல் எழுதினார். இவ்வாறு ஒரே வழியாக இறங்குவது ஆபத்தானது என்று அவரே அக்கட்டுரையில் எச்சரித்திருக்கிறார். எச்சரிக்கையை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பாடமாக்கிக்கொண்டோம்!

அருவி முறை வகுப்பறைக்கு மிகவும் வசதியானது. ஒவ்வொரு படிக்கும் ஓர் அறிக்கை, ஒவ்வோர் அறிக்கைக்கும் புள்ளி. ஆனால், அந்தத் தேவை யாருடைய தேவை? பெரும்பாலும் ஆசிரியரே கற்பனையாகச் சொன்ன தேவை. மதிப்பெண் தருபவரும் அவரே.

வகுப்பறைக் கதவு திறந்தது

2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பனிமலை விடுதி ஒன்றில் 17 மென்பொருளாளர்கள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஆவணங்களை அடுக்குவதைவிட, இயங்கும் மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாகப் பயனரிடம் கொடுத்து, அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்துவதே மேல் என்பது அதன் சாரம். ‘அஜைல்’ என்று இன்று எல்லோரும் சொல்லும் முறை இதுவே.

ஆனாலும் ஒரு தடை இருந்தது. மாணவர் எழுதிய நிரலை ஊரார் பயன்படுத்த வேண்டுமானால் வழங்கிக் கணினி வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். 2006-இல் அமேசான் நிறுவனம் தன் கணினித் திறனை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. 2008-இல் நிரலைப் பலர் கூடி எழுதிப் பகிர்வதற்கான கிட்ஹப் தளம் வந்தது. ஒரு மாணவர் தம் அறையிலிருந்தே உலகிற்கு மென்பொருள் வழங்கும் நிலை உருவாயிற்று.

இத்தகைய மாற்றத்தின் அடையாளம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலும் தெரிந்தது. 2007-ஆம் ஆண்டின் இறுதிப் பருவத்தில் பி. ஜே. ஃபாக் என்பவர் முகநூலுக்கான செயலிகளை உருவாக்கும் வகுப்பை நடத்தினார். ஏறத்தாழ 75 மாணவர்கள். பத்தே வாரங்களில் அவர்களின் செயலிகளுக்கு 1 கோடியே 60 லட்சம் பயனர்கள் சேர்ந்தனர்! சில மாணவர்கள் பெரும்பணம் ஈட்டினர். 2011-இல் அதே பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் பிளாங்க் வேறொரு பாடத்தைத் தொடங்கினார். மாணவர்கள் வாரந்தோறும் வெளியே சென்று, தாங்கள் செய்யவிருக்கும் பொருளை வாங்கக்கூடிய மனிதர்களைச் சந்தித்துப் பேச வேண்டும். வகுப்பில் வந்து, தங்கள் ஊகம் எங்கே பொய்த்தது என்று சொல்ல வேண்டும். அதே ஆண்டில் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறநிறுவனம் இம்முறையைத் தன் ஆய்வாளர்களுக்கான பயிற்சியாக ஏற்றுக்கொண்டது.

2013: ஒரு பாடம், லட்சம் மாணவர்கள்

இரு ஓடைகளும் கலந்த இடம் 2013-இல் வந்தது. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பெற்றோருக்கு நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர் பாலாஜி சீனிவாசன். ஸ்டான்ஃபோர்டில் மின்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். மரபணுச் சோதனை நிறுவனம் ஒன்றை 2007-இல் பிறருடன் சேர்ந்து தொடங்கியவர். அவரும் பேராசிரியர் விஜய் பாண்டேயும் சேர்ந்து, ‘புத்தொழில் பொறியியல்’ என்று நாம் தமிழில் சொல்லத்தக்க பாடத்தை ஸ்டான்ஃபோர்டு மாணவர்களுக்கு நடத்தினர். 2013 ஜூனில் அதுவே கோர்செரா இணையத்தளத்தில் உலகத்தார் அனைவருக்கும் இலவசமாகத் திறக்கப்பட்டது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் பதிந்துகொண்டனர்.

பாடத்திட்டத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் யூனிக்ஸ் கட்டளைகள், கிட் வழியே நிரலைப் பேணுதல், நோட் ஜேஎஸ் நிரலாக்கம், ஹெரோக்குவிலும் அமேசானிலும் மென்பொருளை நிறுவுதல். மறுபக்கம் சந்தையை அளத்தல், பக்கங்களின் மாதிரி வரைதல், விளம்பர வாசகம் எழுதுதல், தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்ட விதிகள். முன்பு கணினித் துறையும் வணிகத் துறையும் தனித்தனிக் கட்டடங்களில் கற்பித்தவை இங்கே ஒரே வகுப்பில் வந்தன.

இறுதிப் பணி எழுத்துத் தேர்வு அன்று. மாணவர் ஒவ்வொருவரும் தாம் உருவாக்க விரும்பும் ஒரு பொருளுக்கு மக்களிடம் நிதி திரட்டும் இணையப் பக்கத்தைக் கட்ட வேண்டும். பிட்காயின் வழியாகப் பணம் பெறவும் வழி செய்திருந்தார்கள். எந்தப் பக்கத்திற்கு எவ்வளவு ஆதரவு கிடைத்தது என்று காட்டும் தரவரிசைப் பலகையும் இருந்தது. ஆக, மதிப்பெண் தருபவர் மாறிவிட்டார். பேராசிரியருக்குப் பதிலாக முன்பின் அறியாத ஒருவர் வந்து அமர்ந்தார்.

இதே பாலாஜி 2024 செப்டம்பரில் நம் ஜொகூரின் ஃபாரஸ்ட் சிட்டியில் ‘நெட்வொர்க் ஸ்கூல்’ என்ற பயிலகத்தைத் தொடங்கினார் என்பது நமக்கு ஒரு கூடுதல் செய்தி.

எண்ணிக்கை மட்டும் போதுமா?

ஆசிரியர்களாகிய நமக்கு இக்கருத்து புதிதன்று. பயிற்சிக் கழகத்தில் நுண்போதனை செய்தபோது சக பயிற்சி ஆசிரியர்களே மாணவர்களாக நடித்தார்கள். நாம் சொன்னதெல்லாம் புரிந்ததாகத் தலையாட்டினார்கள். உண்மையான முதலாம் ஆண்டு வகுப்பில் நுழைந்த நாளில்தான் நம் பாடத்திட்டத்தின் உண்மையான புள்ளி தெரிந்தது! மென்பொருள் மாணவருக்கும் அப்படி ஒரு நாள் வேண்டும்.

எனினும் ஒரு கவலையும் உண்டு. 2007-ஆம் ஆண்டு வகுப்பில் புகழ்பெற்ற செயலிகள் பல, நண்பர்களுக்கு அணைப்பும் பாராட்டும் அனுப்பும் விளையாட்டுகளே. விரைவில் பரவின, விரைவில் மறைந்தன. கூட்டம் கைதட்டுவதும் ஒருவருக்கு உண்மையில் உதவுவதும் ஒன்றல்ல. பயனரின் எண்ணிக்கையை மட்டும் புள்ளியாக்கினால், மக்களின் கவனத்தைப் பறிக்கும் வித்தையைத்தான் மாணவர் கற்பார்.

இன்னொன்றும் உண்டு. ‘விரைவில் தோற்றுப் பார், அதிலிருந்து கற்றுக்கொள்’ என்பது அந்த வகுப்புகளின் பொதுவான அறிவுரை. நல்ல அறிவுரைதான். ஆனால் ஸ்டான்ஃபோர்டு மாணவர் தோற்றால் மறுநாள் நல்ல வேலை கிடைக்கும். பிடிபிடிஎன் கடனுடன் பட்டம் பெறும் தோட்டத்துப் பிள்ளை தோற்றால், அந்த வீட்டின் அடுப்பைப் பற்றியும் நாம் சிந்திக்க வேண்டும் அல்லவா?

தென்காசி காட்டும் வழி

இக்கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒருவர் வேறு விதமாக விடை தேடினார். தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீதர் வேம்பு, சென்னை ஐஐடியிலும் பிரின்ஸ்டனிலும் பயின்றவர். அவரும் நண்பர்களும் 1996-இல் தொடங்கிய நிறுவனமே இன்று ‘சோஹோ’ எனப்படுகிறது. கல்லூரிப் பட்டத்திற்கும் வேலைத் திறனுக்கும் தொடர்பு குறைவு என்று கண்ட அந்நிறுவனம், 2004-05 காலத்தில் சென்னையில் ஆறு மாணவர்களுடன் ஒரு பள்ளியைத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பும் பட்டயப் படிப்பும் முடித்த இளையோரைச் சேர்த்தார்கள். கட்டணம் இல்லை, மாறாக, மாதந்தோறும் உதவித்தொகை. கணிதம், ஆங்கிலம், நிரலாக்கம் கற்பித்து, உலகத்தார் பயன்படுத்தும் மென்பொருள்களிலேயே அவர்களை வேலை பழக வைத்தார்கள். 2011-இல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் அமைந்தது. பின்னர் அங்கும் பள்ளி வந்தது.

இது பல்கலைக்கழகம் அன்று. இங்கே பயில்பவர் முதலில் ஊழியராகிறார், முதலாளியாக அல்ல. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: தவறிப் பழகும் காலத்தின் செலவை மாணவரின் குடும்பம் சுமக்கவில்லை, நிறுவனம் சுமந்தது. கலிபோர்னியாவின் வகுப்பு ‘யாருக்காகச் செய்கிறாய்?’ என்று கேட்டது. தென்காசி ‘கற்கும் வரை யார் சோறு போடுவது?’ என்று கேட்டது. இரண்டு கேள்விகளும் சேர்ந்தால்தான் ஏழை மாணவருக்குப் பாடம் முழுமை பெறும்.

நம் நாட்டில்

மலேசியாவும் வாளாவிருக்கவில்லை. 1996-இல் பல்லூடகப் பெருவழித் திட்டம் தொடங்கியது. மல்டிமீடியா பல்கலைக்கழகம் அத்திட்டத்தோடு வளர்ந்தது. 2014 ஏப்ரலில் சைபர்ஜெயாவில் ‘மேஜிக்’ எனும் புத்தொழில் மையம், அமெரிக்க அதிபர் ஒபாமா வருகை தந்த விழாவில் திறப்புக் கண்டது. 2021-இல் அது எம்ரந்தி என்ற அமைப்பின் பகுதியாயிற்று.

இவற்றுக்கெல்லாம் முன்பே நம்மிடையே ஒருவர் இருந்தார். 1985-இல் ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கிய மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன். அன்று அவருக்குப் புத்தொழில் பாடம் நடத்த எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. கணினித் திரையில் தமிழ் தெரிய வேண்டும் என்ற தேவை இருந்தது. இதழ் நடத்துவோரும் நூல் அச்சிடுவோரும் காத்திருந்தார்கள். 2005 பொங்கலின்போது சிங்கப்பூரில் வெளியீடு கண்ட அவரது ‘செல்லினம்’ கைப்பேசியில் தமிழைக் கொண்டு வந்தது. ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற ‘இணைமதி’ எழுத்துருவும் அவர் வடித்ததே. இந்தப் பதிவை உங்களில் சிலர் முரசு அஞ்சல் வழியே தமிழில் தட்டச்சு செய்து மறுமொழியிடுவீர்கள். அவருக்குப் புள்ளி தருபவர்கள் நீங்கள்தான்.

மீண்டும் அந்த மாணவர்

அண்மையில் அவர் மறுபடியும் வந்தார். இறுதியாண்டுத் திட்டத்திற்கு இம்முறை கற்பனை நூலகத்தை எடுக்கவில்லை. திரிங்காப்பிலிருந்து சந்தைக்குக் காய்கறி ஏற்றும் லோரி உரிமையாளர் ஒருவரின் கணக்கு நோட்டை எடுத்திருந்தார். எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை கூடை முட்டைக்கோசு, எத்தனை கிலோ தக்காளி, வழியில் அழுகியது எவ்வளவு என்று எழுதப்பட்ட, மழையில் நனைந்த நோட்டு.

முதலில் செய்து கொடுத்த செயலியை உரிமையாளர் இரண்டே நாளில் ஒதுக்கிவிட்டாராம். “தம்பி, விடியற்காலையில் கையில் ஈரம், இவ்வளவு சின்ன எழுத்தை யார் பார்ப்பது?” என்று கேட்டாராம். எழுத்தைப் பெரிதாக்கி, ஆங்கிலத்தை நீக்கித் தமிழில் மாற்றி, தட்டச்சுக்குப் பதில் படங்களை வைத்தாராம். இப்போது அந்த லோரிக்காரர் நாள்தோறும் அதில் கணக்கு எழுதுகிறார்.

“பல்கலைக்கழகத்தில் என்ன புள்ளி?” என்று கேட்டேன்.

“‘பி’ தான் டீச்சர். அறிக்கை கொஞ்சம் குறைவு” என்றார். இம்முறை முகத்தில் வருத்தமில்லை. ஆனால் அடுத்த மாதம் வேலை தேடத்தான் போகிறார். தம்பி தங்கையர் படிக்கிறார்கள், கடனும் இருக்கிறது. தொழிலாகத் தொடங்கச் சொல்ல எனக்கு மனம் வந்தது, வாய் வரவில்லை. அந்த ஓராண்டுச் செலவை யார் தாங்குவது என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. நம் இயக்கங்களும் கூட்டுறவுக் கழகங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் கல்வி உதவிநிதி கொடுப்பதோடு நில்லாமல், இத்தகைய ஓராண்டிற்கும் கைகொடுக்க முன்வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

தொடக்கப்பள்ளியில் நாம் செய்யக்கூடியதும் உண்டு. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் நிரலாக்கத்தின் தொடக்கம் இருக்கிறது. அடுத்த முறை மாணவர் ஒருவர் ஏதேனும் செய்து கொண்டுவந்தால், “அழகாக இருக்கிறது” என்பதோடு நிறுத்தாமல், “இதை யாரிடம் கொடுத்துப் பார்த்தாய்? அவர் என்ன சொன்னார்?” என்று கேட்போம். பெற்றோர்களும் வீட்டில் அதையே கேட்கலாம்.

மீண்டும் அடுத்த பதிவில் சந்திப்போம்.

அன்புடன்,
திரிங்காப்பிலிருந்து உங்கள் ஆசிரியை