பூனைக்கு ஒரு வாசல்

நெல்லிக்குப்பத்தில் சுற்றிலும் கரும்பு. கரும்பு உள்ள ஊரில் எலிக்குப் பஞ்சமில்லை. ஒரு வருஷம் எங்கள் நெல் குதிரையே அவை பாழாக்கிவிட்டன. குதிர் இருந்த அறைக்கதவின் அடியில், பூனை போய்வர ஒரு துவாரம் போடுவதென்று முடிவு செய்தேன்.

"உன் தாத்தா பார்த்துப் பார்த்துப் போட்ட தேக்குக் கதவுடா!" என்றாள் அம்மா. கண்ணில் நீர் தளும்பியது. வந்த ஆசாரி உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு அம்மாவுக்குச் சரித்திரம் சொன்னேன். பூனைத் துவாரத்தைக் கண்டுபிடித்தவர் நியூட்டன் என்பார்கள். அது வெறும் கதை. அவருக்கு வெகுகாலம் முன்பே, 14ஆம் நூற்றாண்டில், சாஸர் எழுதிய கதையில் ஒரு வேலைக்காரன் அத்தகைய துவாரத்தின் வழியாக அறைக்குள் எட்டிப் பார்க்கிறான். இங்கிலாந்தில் எக்ஸெட்டர் நகரத்துத் தேவாலயத்தின் பழைய கணக்குகளில் பூனைக்கென்றே வாரம் ஒரு பென்னி படி எழுதியிருக்கிறது. பெரிய கடிகாரத்தின் கயிற்றில் தடவிய கொழுப்புக்காக எலிகள் ஏறுமாம். 1598இல், பிஷப் காட்டன் காலத்தில், கடிகாரத்தின் கீழுள்ள கதவில் துவாரம் போட்ட தச்சர்களுக்குக் கூலி எட்டு பென்ஸ். அந்தத் துவாரம் இன்றும் இருக்கிறது.

"கோயில் கதவிலேயேவா?" என்றாள் அம்மா. பிறகு பேசவில்லை.

காலையில் அவளே ஆசாரிக்கு ஆள் அனுப்பினாள். அறுத்தெடுத்த வட்டப் பலகையை மட்டும் கையில் வாங்கிக்கொண்டாள். தாத்தாவின் படத்துக்குக் கீழே அது இன்னும் இருக்கிறது.