எல், க்யூ, சி: கோதுமை வயலிலிருந்து கடன் தாள் வரை

போன ஞாயிறு ஜீவனஹள்ளி வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மகள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். கல்லூரி ப்ராஜெக்ட். கடன் வாங்கியவர்களின் படிப்பை பள்ளி, பிளஸ் டூ, டிகிரி, பி.ஜி. என்று வரிசைப்படுத்தி 'ஆர்' மென்பொருளில் ரெக்ரஷன் போட்டிருக்கிறாள்.

"அப்பா, படிப்புன்னு ஒரே காலம்தான் கொடுத்தேன். மூணு வரி வருது. எல், க்யூ, சின்னு போட்டிருக்கு."

பி.காம். படித்த எனக்கு என்ன தெரியும்? ஆனாலும் சுருக்கென்றது. பல வருடம் முன்பு ஒரு அலுவலகத்தில் கடன் மதிப்பெண் தாளுக்காக இதே நான்கு படிகளுக்கும் 1, 2, 3, 4 என்று எக்ஸெலில் போட்டவன் நான். பள்ளிக்கும் பிளஸ் டூவுக்கும் உள்ள தூரமே டிகிரிக்கும் பி.ஜி.க்கும் என்று யார் சொன்னது? வரிசை தெரியும், தூரம் தெரியாது என்ற இந்த வகை அளவைப் பற்றி ஸ்டீவன்ஸ் என்ற உளவியலாளர் 1946லேயே 'சயின்ஸ்' இதழில் எழுதிவிட்டார்.

சரி, எல், க்யூ, சிக்கு வருவோம். ஒரு வாரம் தேடிப் படித்தேன். இங்கிலாந்தின் ராதாம்ஸ்டட் பண்ணையில் பல்லாண்டு கோதுமை விளைச்சலை ஆராய்ந்த ஃபிஷர், 1921 கட்டுரையில் இந்த வகைக் கோவைகளைப் பயன்படுத்தினார். 1938 ஜனவரியில் மகாலனோபிஸ் கல்கத்தாவில் கூட்டிய முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் இவர்தான். அதே ஆண்டு ஃபிஷரும் யேட்ஸும் வெளியிட்ட அட்டவணைப் புத்தகத்தில் இந்த எண்கள் இருந்தன. நான்கு படிகளுக்கு:

எல்: -3, -1, 1, 3
க்யூ: 1, -1, -1, 1
சி: -1, 3, -3, 1

எந்த இரண்டு வரியையும் பெருக்கிக் கூட்டிப் பாருங்கள், பூஜ்யம் வரும். (நம் டிரயல் பேலன்ஸ் மாதிரி!) எல் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும், க்யூ ஒரு வளைவை, சி இரண்டு வளைவை. ஒவ்வொரு படியிலும் ஒரே எண்ணிக்கை இருந்தால், ஒன்றைச் சேர்ப்பதால் இன்னொன்று மாறாது. கையால் கணக்குப் போட்ட காலத்தில் அது பெரிய வரம்.

பெல் லேப்ஸின் 'எஸ்' மொழிக்காக சேம்பர்ஸும் ஹேஸ்டியும் தொகுத்த 1992 புத்தகத்தில் வரிசையுள்ள வகைகளுக்கு இதுவே வழக்கமானது. ஆக்லாந்தில் இஹாகாவும் ஜென்டில்மேனும் தொடங்கிய ஆர், அதை அப்படியே எடுத்துக்கொண்டது. எல், சி வரிகளை 20இன் வர்க்கமூலத்தாலும் க்யூ வரியை 2ஆலும் வகுத்து, எல் வரியை -0.67, -0.22 என்று காட்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வயலில் ஆண்டுகள் சம இடைவெளியில் வரும். படிப்பு அப்படி வருமா? நாம் வேறு சொல்லாவிட்டால் ஆரும் சம இடைவெளி என்றே எடுத்துக்கொள்கிறது. நான் செய்த அதே தப்பு, கொஞ்சம் கௌரவமாக. ஆனால் க்யூவும் சியும் கூட இருப்பதால் வளைவு தெரிந்துவிடும். என் 1, 2, 3, 4இல் அது தெரியவே தெரியாது.

வெனபிள்ஸும் ரிப்ளியும் எழுதிய 'மாஸ்' தொகுப்பில் அடுத்தடுத்த படிகளின் வித்தியாசத்தை மட்டும் காட்டும் முறை இருக்கிறது. மகள் அதற்கு மாற்றினாள். அவள் டேட்டாவில் பள்ளிக்கும் பிளஸ் டூவுக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

பள்ளிப் படிப்போடு நின்ற ஒரு பெட்டிக்கடைக்காரரின் விண்ணப்பம் என் தாளில் ஒரே ஒரு மதிப்பெண்ணில் விழுந்தது. மகளிடம் அதைச் சொல்லவில்லை.