பிறப்பை மாற்றிச் சொல்லுதல்: தமிழ்க் கதைப்பாடல்களில் சாதியும் சடங்கும்

முத்துப்பட்டன், மதுரை வீரன், காத்தவராயன் ஆகிய மூவரும் சாதி வரம்பை மீறி மணம் கொண்டவர்கள், கொடுஞ்சாவு எய்தியவர்கள், செத்தபின் தெய்வமானவர்கள். இவர்களைப் பற்றிய கதைப்பாடல்கள் வில்லுப்பாட்டாகவும் கூத்தாகவும் பெரிய எழுத்து அச்சு நூலாகவும் திரைப்படமாகவும் பல வடிவங்களில் வழங்கி வந்துள்ளன. இவ்வடிவங்களை ஒப்பிடும்போது ஓர் ஒழுங்கு தென்படுகிறது. மூன்று கதைகளிலும் மிகுதியாகத் திருத்தப்பட்ட பகுதி பிறப்புப் படலம்தான். சாவும் அதையொட்டிய சடங்கும் பெரிதும் மாறாமல் நிற்கின்றன. கதை கேட்டு ஒரு சமூகம் தன்னை இன்னாரென்று அறிந்துகொள்கிறது எனப் பொதுவாகச் சொல்வதுண்டு. கதையின் எந்தப் பகுதி அந்த வேலையைச் செய்கிறது என்பதே இங்கு எழும் கேள்வி.

முத்துப்பட்டன் கதை நெல்லைச் சீமைக்கு உரியது. பிராமணக் குடும்பத்தில் பிறந்த முத்துப்பட்டன் தமையன்மாரோடு பிணங்கி வெளியேறி, கொட்டாரக்கரையில் அரசப் பணியில் இருக்கிறான். வீடு திரும்பும் வழியில், மலையடிவாரத்தில் பொம்மக்கா, திம்மக்கா என்னும் இரு பெண்களைக் கண்டு காதல் கொள்கிறான். அவர்கள் சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மக்கள். பெண் கேட்டு வந்தவனிடம் வாலப்பகடை கெஞ்சவில்லை, கட்டளையிடுகிறான்: பூணூலையும் குடுமியையும் அறுத்துவிட்டு, செருப்புத் தைக்கக் கற்று வரவேண்டும். தமையன்மார் தடுத்தும் பட்டன் அப்படியே செய்கிறான். மணம் முடிந்த இரவிலேயே மாடு கவர வந்தவர்களோடு பொருது, மறைந்திருந்தவன் ஒருவனால் குத்துண்டு சாகிறான். பெண்கள் இருவரும் தீப்பாய்கிறார்கள்.

இக்கதையை 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்காகப் பதிப்பித்த நா. வானமாமலை அதன் வேறுபட்ட வடிவங்களை எதிரெதிரே வைத்துப் பார்த்தார். சில வடிவங்களில் அப்பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள் என்றும், கைவிடப்பட்ட அவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான் என்றும் வருகிறது. இது பிற்காலத்தில் நுழைக்கப்பட்டது என்பது அவர் முடிவு. கதையின் போக்கும் அம்முடிவுக்கே துணை நிற்கிறது. பெண்கள் பிராமணர் என்றால் வாலப்பகடை விதித்த நிபந்தனைக்குப் பொருளில்லை, தமையன்மாரின் சினத்துக்கும் காரணமில்லை. கதையை நகர்த்தும் முரணையே அந்த ஒரு செய்தி அவிழ்த்துவிடுகிறது. ஒட்டுப்போட்டவருக்குக் கதை முக்கியமாகப் படவில்லை. கலப்பு மணம் நடக்கவில்லை என்று நிறுவுவதே அவர் கவலை.

இதற்கு மாற்றான விளக்கம் ஒன்றும் உண்டு. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் பிறப்புப் படலத்தின் வளர்ச்சியை வழிபாட்டின் பரப்போடு இணைத்தார். ஒரு வழிபாடு கொடுஞ்சாவில் தொடங்குகிறது. செத்தவனின் உறவினரும் ஊராரும் அஞ்சிப் படையல் இடுகிறார்கள். அந்த வழிபாடு செத்தவனோடு உறவற்ற தொலைவான ஊர்களுக்குப் பரவும்போது, சாவு மட்டும் அவனைத் தெய்வமாக்கப் போதுமானதாக இல்லை. அப்போது கயிலாயமும் வரமும் தெய்வப் பிறப்பும் கதையின் முன்பகுதியில் சேர்கின்றன. இந்த விளக்கம் காத்தவராயனுக்குப் பொருந்துகிறது. பிராமணப் பெண் ஆரியமாலையைக் கவர்ந்ததற்காகக் கழுவேறும் அவன், பரவலாக வழங்கும் வடிவங்களில் சிவனோடு தொடர்புடைய பிறப்பைப் பெற்று, சாபத்தால் மண்ணுக்கு வந்தவன் ஆகிறான். தஞ்சை, திருச்சிப் பகுதிகளைத் தாண்டி யாழ்ப்பாணம் வரை சென்ற கதைக்கு அத்தகைய பிறப்பு தேவைப்பட்டிருக்கலாம்.

முத்துப்பட்டன் கதையில் இந்த விளக்கம் தடுமாறுகிறது. அங்கே உயர்த்தப்பட்டது தெய்வமாகிய பட்டனின் பிறப்பு அன்று, அவன் மணந்த பெண்களின் பிறப்பு. உயர்த்தப்பட்ட இடமும் கயிலாயம் அன்று, அக்கிரகாரம். வழிபாடு பரவுவதற்காக மணப்பெண்ணின் சாதியை மாற்ற வேண்டியதில்லை. மதுரை வீரன் கதையிலும் உயர்த்தப்பட்ட இடம் கயிலாயம் அன்று, அரண்மனை. காசி அரசனுக்குப் பிறந்து, மாலை சுற்றிப் பிறந்த குழந்தை குலத்துக்கு ஆகாது என்று காட்டில் விடப்பட்டு, சக்கிலியர் தம்பதியால் வளர்க்கப்பட்டவன் என்று கதை அவனை அறிமுகம் செய்கிறது. பொம்மண நாயக்கரின் மகள் பொம்மியை அவன் கொண்டுபோனது அரசகுமாரன் செய்த செயலாகிவிடுகிறது. ஆகவே பிறப்புத் திருத்தத்தில் இரண்டு வேறு செயல்கள் கலந்திருக்கின்றன: மனிதனைத் தெய்வமாக்குவது ஒன்று, சாதி மீறலை மீறலன்று ஆக்குவது மற்றொன்று. நாட்டார் வழக்காற்று ஆய்வில் இவ்விரண்டையும் ஒரே பெயரால் சுட்டுவது குழப்பத்துக்கு இடம் தந்துள்ளது.

திருத்தம் முழுவதையும் மேலிருந்து வந்த திணிப்பாகக் கொள்வதும் சரியாகாது. காசி இளவரசன் கதையை ஒடுக்கப்பட்ட மக்களும் தலைமுறைகளாகப் பாடியும் கேட்டும் வந்திருக்கிறார்கள். அரண்மனை வேண்டாமென்று எறிந்த குழந்தையைச் சேரி வீரனாக வளர்த்தது என்று அதே படலத்தைப் பெருமையாகவும் கேட்கலாம். சக்கிலியர் எனச் சுட்டப்பட்ட அருந்ததியரின் இயக்கங்கள் இன்று மதுரை வீரனைத் தம் குலத்து முன்னோனாக உரிமை கோருகின்றன. காசிப் பிறப்பு பிறகு ஒட்டப்பட்டது என்ற வாதமும் அவர்களிடையே வலுவாக ஒலிக்கிறது. முன்பு கௌரவம் தேடித் தந்த படலம் இப்போது உரிமையைப் பறிக்கும் படலமாகத் தெரிகிறது. பாடல் மாறவில்லை, கேட்பவர்களின் அரசியல் மாறியிருக்கிறது.

அச்சு இந்தச் சிக்கலை இறுக்கியது. பாடகர் ஊருக்கு ஏற்பவும், கொடை என்னும் கோயில் விழாவை நடத்தும் சாதிக்கு ஏற்பவும் படலங்களைக் கூட்டியும் குறைத்தும் பாடுவார். பெரிய எழுத்து நூல்கள் ஒரு வடிவத்தை மட்டும் நிலைநிறுத்தி, அதைச் சந்தை தோறும் கொண்டு சேர்த்தன. 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த ‘மதுரை வீரன்’ இன்னும் தொலைவு சென்றது. கைவிடப்பட்ட அரசகுமாரன் என்ற வடிவமே அதிலும் இடம்பெற்றது. வளர்த்த தம்பதியாக என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் நடித்தார்கள். வீரனின் பிறப்பைப் பற்றிப் பெரும்பாலான தமிழர்கள் அறிந்திருப்பது கொடையில் கேட்டதைவிடத் திரையில் பார்த்ததாகவே இருக்கும்.

சாவுப் படலம் இவ்வளவு எளிதாக மாறாததற்குக் காரணம் நிகழ்த்தும் முறையிலேயே இருக்கிறது. கோயில் கொடையில் வில்லிசைக்கப்படும்போது தெய்வத்தின் சாவைப் பாடும் கட்டத்தில் சாமியாடிக்கு அருள் வருகிறது. உடுக்கையும் குடமும் வேகமெடுக்கின்றன. கூட்டமும் சாமியாடியும் அந்தக் கட்டத்துக்காகவே காத்திருக்கிறார்கள். அங்கே பாடகர் கதையைத் திருப்பினால் அருள் இறங்காது, கொடை நிறைவேறாது. பிறப்பைப் பாடும்போது இத்தகைய கட்டாயம் இல்லை. பாட்டு எப்படி வந்தாலும் சடங்கு தடைபடாது. எனவே திருத்த விரும்பியவர்களுக்கு அது திறந்த வாசலாக இருந்தது.

சடங்குப் பொருள்களும் அவ்வாறே பிடிவாதமானவை. பாபநாசத்துக்கு மேலே, தாமிரபரணிக் கரையில், காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் முத்துப்பட்டன் பட்டவராயனாக வணங்கப்படுகிறான். ஆடி அமாவாசைக்குத் திரளும் கூட்டத்தில் பல சாதியாரும் உண்டு. பட்டவராயனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காணிக்கையாகத் தருவது தோல் செருப்பு. காணிக்கைச் செருப்புகள் நாளடைவில் தேய்ந்து காணப்படுவது, பட்டவராயன் அவற்றை அணிந்து காட்டில் நடப்பதற்கு அடையாளம் என்பது பக்தர்களின் நம்பிக்கை. செருப்பைக் கழற்றிவிட்டு நுழையவேண்டிய கோயிலுக்குள் செருப்பே காணிக்கையாக வருவது தற்செயல் அன்று. வாலப்பகடை விதித்த நிபந்தனையை அச்செருப்பு ஆண்டுதோறும் நினைவுபடுத்துகிறது. பெண்களின் பிறப்பை எந்த நூல் எப்படி எழுதினாலும், பட்டன் தோல் தொழிலை ஏற்றான் என்பதைக் காணிக்கை சொல்லிவிடுகிறது. காத்தவராயனுக்குக் கழுமரமும் அப்படித்தான். சிவனின் மகன் என்று சொல்லப்பட்டவனும் சடங்கில் கழுமரம் ஏறியே ஆகவேண்டும். மாரியம்மன் வழிபாட்டோடு சேர்ந்து ஈழத்தில் ஆடப்படும் காத்தவராயன் கூத்திலும் கழுவேறும் காட்சியே உச்சம். மதுரையில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட வீரன் இன்று மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கு வாயிலில் காவல் தெய்வமாக நிற்கிறான். வாயிலில் காவல், உள்ளே கருவறையில் இடமில்லை என்ற அந்த அமைப்பும் அவன் சமூக இடத்தை மறைக்கவில்லை.

கடல் கடந்த வழிபாடுகள் இதற்கு இன்னொரு சான்று தருகின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் ரீயூனியன் தீவுக்கும் கரீபியன் நாடுகளுக்கும் மதுரை வீரனைக் கொண்டு சென்றார்கள். ரீயூனியனில் பேச்சுத் தமிழ் பெரும்பாலான குடும்பங்களில் மறைந்துவிட்டது. வீரனின் பெயர் கிரியோல் நாவில் திரிந்து வழங்குகிறது. ஆனால் கோயிலும் பலியும் அருள்வாக்கும் நிற்கின்றன. அங்கே தமிழ் வழியினர் தம்மைத் தமிழராக உணர்வதற்கு இச்சடங்குகள் பெரும் துணையாக உள்ளன. சாதி அடையாளம் தளர்ந்த அந்த மண்ணில், பிறப்புப் படலத்தின் மீதான சண்டைக்கும் பெரிய தேவை எழவில்லை.

சடங்கு இவ்வளவு உறுதியாக நின்றும், இதுவரை வந்த கதைப்பாடல் பதிப்புகளில் பல, பாடலின் சொற்களை மட்டும் தருகின்றன. யார் பாடினார், எந்தச் சாதியாரின் கொடையில், எந்த நாளில், எந்தக் கட்டத்தில் சாமி வந்தது, என்ன காணிக்கை படைக்கப்பட்டது என்பவை விடுபட்டுப் போகின்றன. இனி வரும் பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களோடு இவற்றையும் பதிவு செய்ய வேண்டும். அச்செய்திகள் இல்லாத பதிப்பை மட்டும் கொண்டு ஒரு சமூகத்தின் அடையாளத்தைப் பற்றி முடிவு கூறுவது ஆய்வு நெறிக்கு ஒவ்வாது.