பழுதை முன்கூட்டியே உணர்த்தும் அதிர்வு: இயந்திரக் கண்காணிப்பு நடைபெறுவது எப்படி?

உத்தரப் பிரதேச மாநிலம் நரோரா அணுமின் நிலையத்தில் 1993 மார்ச் 31 அதிகாலை, முதல் அலகின் டர்பைனில் இரண்டு பிளேடுகள் உலோகச் சோர்வால் முறிந்தன. சமநிலை இழந்த டர்பைன் கடுமையாக அதிர்ந்ததில், ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. மின்கம்பிகள் எரிந்து, அந்த அலகு சுமார் 17 மணி நேரம் மின்சாரமின்றி இருந்தது. அணு உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டதால் கதிர்வீச்சுக் கசிவு ஏற்படவில்லை. சுழலும் இயந்திரங்களில் அதிர்வு எவ்வளவு முக்கியமானது என்பதை உணர்த்திய விபத்து இது.

அளவிடும் முறை

இயந்திரத் தண்டைத் தாங்கும் பேரிங் உறையின் மீது உணரி பொருத்தப்பட்டு, கிடைமட்டம், செங்குத்து, தண்டின் நீளவாக்கு ஆகிய மூன்று திசைகளிலும் அதிர்வு அளவிடப்படுகிறது. பதிவாகும் அலையைக் கணினி தனித்தனி அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும்.

பழுதின் அடையாளம்

நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் டர்பைனின் சுழற்சி அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். இதே அதிர்வெண்ணில் அதிர்வு உயர்ந்தால், பெரும்பாலும் எடைச் சமநிலை குலைந்திருக்கும். இருமடங்கான 100 ஹெர்ட்ஸில் உயர்ந்தால், இணைக்கப்பட்ட இரு தண்டுகள் நேர்கோட்டில் இல்லையா என்று ஆராயப்படும். பந்து பேரிங்குகளில் ஏற்படும் சேதம், சுழற்சி வேகத்தின் முழு மடங்காக அமையாத அதிர்வெண்களில் வெளிப்படும். பேரிங் சூடாவதற்கும் சத்தம் எழுப்புவதற்கும் முன்பே இதனைக் கண்டறிய இயலும்.

எப்போது நிறுத்துவது?

அதிர்வின் தீவிரத்தை சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் விதிமுறைகள் நான்கு மண்டலங்களாகப் பிரிக்கின்றன. புதிய இயந்திரத்தின் நிலை முதல் மண்டலம்; சேதம் விளைவிக்கக்கூடிய நிலை நான்காவது மண்டலம். எனினும், ஒருமுறை எடுக்கும் அளவைவிட, நல்ல நிலையில் பதிவான அளவிலிருந்து ஏற்படும் தொடர் மாற்றமே நம்பகமான எச்சரிக்கையாகும். அதன்படி உதிரி பாகங்களைத் தயார் செய்து, உற்பத்தி குறைவான நாளில் பழுது நீக்கலாம். நல்ல நிலையில் உள்ள பாகங்களைத் தேவையின்றி மாற்றும் செலவும் குறையும்.

வரம்புகள்

பிளேடில் உருவாகும் நுண்விரிசல், அது முறியும் வரை பேரிங்கில் அளக்கப்படும் அதிர்வில் தெரியாமலே போகக்கூடும். எனவே இயந்திரத்தை நிறுத்தி விரிசல்களைத் தேடும் சோதனை, மசகு எண்ணெய்ப் பரிசோதனை, வெப்பநிலைக் கண்காணிப்பு ஆகியவற்றுடன் இணைத்தே அதிர்வுப் பகுப்பாய்வு பயன்படுத்தப்படுகிறது.