சக்கரப் பலகைக்காரர்கள்

சென்ற சித்திரையில் நான் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கார்கள் நிற்கும் இடத்தில், இரண்டாவது மாடிப் பையன் ஒருவன் சக்கரம் வைத்த பலகையில் ஏறி நின்றுகொண்டு கடகடவென்று ஓட்டுகிறான். அதைத் தடுக்க வேண்டும் என்பது மனுவின் சாரம். பையனுக்குப் பதினாறு வயது இருக்கும். தலையில் முன்பாதி மயிர் செம்புக் கம்பி நிறம். அவன் யாரையும் இடித்ததில்லை; எதையும் உடைத்ததுமில்லை. ஆனாலும் காரியதரிசி காகிதத்தை நீட்டியபோது, "இந்த மாதிரிப் பையன்களே..." என்று நானும் ஆரம்பித்தேன். வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. அதற்குள் எதிரே இருந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டார்கள்.

முடிக்காத அந்த வாக்கியம் இரவில் என்னை உறுத்த ஆரம்பித்தது. ஒரு பாத்திரத்தை 'இந்த மாதிரி ஆள்' என்று சொல்லித் தள்ளிவிட்டு நான் கதை எழுதினால், எந்தப் பத்திராதிபரும் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆகவே, இந்தப் பலகையின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தேன்.

ஸ்கேட்போர்டு பிறந்தது அமெரிக்காவில், கலிபோர்னியாக் கடற்கரையில். 1950-களில், அலைமேல் பலகை விட்டு விளையாடும் வாலிபர்கள், அலை சோம்பிப் போன நாட்களில் வீதியிலேயே அந்த விளையாட்டை ஆடிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். உருளைச் சக்கரக் காலணிகளைக் கழற்றிப் பலகையின் அடியில் பொருத்திக்கொண்டார்கள். பத்து வருஷத்துக்குள் அது பெரிய வியாபாரமாகிவிட்டது. 'லைஃப்' பத்திரிகையின் 1965 மே 14 இதழின் அட்டையில், பாட்டி மெக்கீ என்ற பத்தொன்பது வயதுப் பெண் ஓடும் பலகைமேல் கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கிறாள். எவ்வளவு அழகான படம்! ஆனால் அட்டையில் அச்சிட்டிருந்த வார்த்தைகளோ, இது ஒரு பைத்தியம், ஓர் ஆபத்து என்று பயமுறுத்தின. அந்தக் காலத்தில் பல நகரசபைகள் பலகைக்குத் தடை போட்டன.

பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்நாளைய சக்கரங்கள் களிமண் கலவையால் ஆனவை. ஒரு சிறு கல் தட்டினால் போதும், சக்கரம் சட்டென்று நின்றுவிடும். பையன் நிற்க மாட்டான், பறந்து போய் விழுவான். எலும்பு முறிந்தது வாஸ்தவம். ஆனால் சக்கரத்தின் குற்றத்தைப் பையன்களின் குணத்தில் எழுதி வைத்தார்களே, அதுதான் வேடிக்கை. 1970-களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி என்ற வாலிபர் பாலியூரிதேன் சக்கரத்தைப் பலகைக்குக் கொண்டுவந்தார். கல்லின்மேல் ஏறி இறங்கி அது சமாளித்துக்கொண்டது. குணத்தைப் பற்றிய எழுத்து மட்டும் அழியவில்லை.

அழியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1976, 77-இல் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. பணக்கார வீடுகளின் நீச்சல் குளங்கள் வற்றிக் கிடந்தன. பையன்கள் சுவர் ஏறிக் குதித்து, அந்தக் குளங்களின் வளைந்த சுவர்களில் பலகை விட்டார்கள். பிறர் வீட்டுச் சுவர் ஏறியது தப்புத்தான். வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் அன்று முதல் பலகை வைத்திருக்கிறவன் எல்லாம் சுவர் ஏறுகிறவன் என்றாகிவிட்டது. சாண்டா மோனிகாவின் ஏழைப் பகுதியிலிருந்து வந்து அந்த முரட்டுப் பெயரை வாங்கிக் கொடுத்த ஸெஃபிர் குழுவில் பெக்கி ஓகி என்ற பெண்ணும் இருந்தாள் என்பது பலருக்குத் தெரியாது.

நார்வே தேசம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1978-இல் பலகையை இறக்குமதி செய்யவும் விற்கவும் ஓட்டவும் தடை விதித்தது. பதினொரு வருஷம், 1989 வரை! பையன்கள் காட்டுக்குள்ளே போய் ரகசியமாக மரச் சரிவுகள் கட்டிக்கொண்டு விளையாடினார்களாம்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தவர் பையன் அல்ல, ஒரு கிழவர். ஃபிலடெல்ஃபியா நகரின் மத்தியில் 1965-இல் கட்டிய 'லவ் பார்க்' என்ற சதுக்கம் இருக்கிறது. அதன் கருங்கல் படிகளும் திண்ணைகளும் பலகைக்காரர்களுக்கு வாய்த்த மாதிரி வேறெங்கும் வாய்க்கவில்லை; உலகம் முழுவதிலுமிருந்து அங்கே யாத்திரை வந்தார்கள். நகர சர்க்கார் தடை விதித்தது. இதில் ஒரு ஹாஸ்யம். 2001-லும் 2002-லும் அதே நகரம் 'எக்ஸ் கேம்ஸ்' பந்தயத்தை வரவேற்று உபசரித்தது! டிக்கெட் வாங்கிப் பார்த்தால் வீரன், சும்மா பார்த்தால் போக்கிரி.

2002-இல் சதுக்கத்தைத் திருத்தி அமைத்துத் தடையை இறுக்கினார்கள். அந்த அக்டோபர் 28-ஆம் தேதி எட்மண்ட் பேக்கன் அங்கே வந்து சேர்ந்தார். 1949 முதல் 1970 வரை அந்த நகரத்தின் திட்டக் குழுவை நடத்தியவர்; அந்தச் சதுக்கத்தையே கற்பனை செய்தவர். வயது 92. தலையில் கவசத்தை மாட்டிக்கொண்டு, இரு பக்கமும் ஆட்கள் தாங்கிப் பிடிக்க, நிருபர்கள் பார்த்திருக்கப் பலகைமேல் ஏறி நின்று கொஞ்ச தூரம் உருண்டு போனார். சட்டத்தை மீறித்தான். தாம் நினைத்தே பாராத ஓர் உபயோகத்தை இளைஞர்கள் தம் சதுக்கத்தில் கண்டுபிடித்தார்களே என்பதில் அவருக்கு அப்படி ஒரு பூரிப்பு. தடை நீங்கவில்லை. 2005-இல் அவர் காலமானார். 2021-இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில், பலகை விளையாட்டில் தங்கப் பதக்கம் வாங்கிய ஜப்பானியச் சிறுமிக்கு வயது பதின்மூன்று; வெள்ளி வாங்கிய பிரேஸில் சிறுமிக்கும் அதே வயது.

மறுநாள் காலை காரியதரிசியிடம் போய், என் கையெழுத்தை எடுத்துவிட முடியுமா என்று கேட்டேன். மனு தீர்மானமாகி நோட்டுப் புத்தகத்தில் ஏறிவிட்டதாம். எடுப்பதற்கு விதி இல்லையாம். "ஏன் சார், உங்களுக்கு என்ன திடீரென்று?" என்று கேட்டார். ஃபிலடெல்ஃபியாவைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது?

மாலையில் பையன் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே கிளம்பினான். நிறுத்தி, மனுவில் நானும் கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன்.

"தெரியும் அங்கிள், அப்பா சொன்னாரு. பரவாயில்ல, பஸ் டிப்போவுக்குப் பின்னால ரோடு நல்லா இருக்கு" என்றான்.

"சக்கரத்தைக் கொஞ்சம் காட்டு" என்றேன்.

பலகையைத் திருப்பிக் காட்டினான். நகத்தால் அழுத்திப் பார்த்தேன். லேசாகக் குழிந்து, மறுபடியும் நிமிர்ந்துகொண்டது.