‘வடக்கன்’ என்று சொல்லும் முன் நம் கப்பலை நினைப்போம்

1860 அக்டோபர் 12 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கிளம்பியது. ஒப்பந்தக் கூலிகளாக அதில் சென்றவர்கள் 342 பேர். சட்டம் அடிமைமுறையை 1843-லேயே கைவிட்டிருந்தது, பண்ணையார்கள் கைவிடவில்லை. பண்ணைக்கும் பஞ்சத்துக்கும் தப்பி, பின்வந்த கப்பல்களிலும் ஏறியவர்களில் சேரி மக்கள் ஏராளம்.

போன இடத்தில் நம் பெயர் ‘கூலி’. ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்குகிறவர்கள் மேல் 1895-இல் ஆண்டுக்கு 3 பவுன் வரி போட்டார்கள். மாதம் 10 ஷில்லிங்கில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு அது 6 மாதக் கூலி. 1913-இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகே, 1914-இல் அந்த வரி ஒழிந்தது.

இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ இருந்தது. கடன் தொகை எழுதிய சீட்டு அது. அந்தக் கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-இல் துண்டு ஒழிந்தது. ஆனால் 1948-இல் அதே மக்களின் குடியுரிமையே பறிபோனது.

இப்போது நெட்டுக்குப்பத்துக்கு வருவோம். ஆற்றுக்கு வடக்கே, எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் 2025 செப்டம்பர் 30 அன்று சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இவர்களுக்காக 1979-இல் மாநிலங்களுக்கு இடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் வந்தது. மாதச் சம்பளத்தில் பாதியை இடப்பெயர்வுப் படியாகத் தரவேண்டும், பயணச் செலவும் தங்குமிடமும் தரவேண்டும் என்றது. 5 பேரை வைத்து வேலை வாங்கினாலே அது பொருந்தும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்தில் அந்த எண்ணிக்கை 10 ஆகிவிட்டது. இடப்பெயர்வுப் படி காணாமல் போய்விட்டது.

ஜப்பானும் 1993-இல் ‘தொழில்நுட்பப் பயிற்சி’ என்ற பெயரில் வெளிநாட்டு இளைஞர்களை வரவழைத்தது. ‘பயிற்சியாளர்’ நினைத்தபடி முதலாளியை மாற்ற முடியாது. துண்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கடும் கண்டனத்துக்குப் பிறகு 2024-இல்தான் அதைக் கைவிடச் சட்டம் இயற்றினார்கள்.

‘வடக்கன் வந்து நம் வேலையைப் பறிக்கிறான்’ என்கிறார்கள். குறைந்த கூலியை முடிவு செய்வது அவரா, ஒப்பந்தக்காரரா? அவருக்குச் சட்டப்படியான கூலி கிடைத்தால் நம் கூலியும் இறங்காது. நம் சங்கங்களில் அவருக்கு உறுப்பினர் அட்டை கொடுப்போம். துண்டறிக்கையை இந்தியிலும் அசாமியிலும் அச்சடிப்போம். ‘கூலி’ என்று இழிவாக அழைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னொருவரை அப்படி அழைக்கக் கூடாது.